ஜன்னலுக்கு நேரே ஒரு பாத்தி

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை. ஊருக்கு வெளியே இருந்த ஒரு பெரிய நாற்றுப் பண்ணையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஆனால் யார் எதைச் செய்தாலும் அதில் ஒரு பிழையைக் கண்டுபிடிக்காமல் அவளால் இருக்க முடியாது. தபால்காரர் சைக்கிளைச் சாய்த்து வைக்கிற விதம், பக்கத்து வீட்டுத் தையல்காரர் இருமுகிற விதம், பெற்ற மகள் தலை வாரிக்கொள்கிற விதம் என்று எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரே சொல் இருந்தது. "தப்பு." அதைச் சொல்லும்போது குரல் உயராது. பல்லிடுக்கில் சிக்கிய நாரை எடுத்துப் போடுவதுபோல எடுத்துப் போடுவாள்.

அந்தச் சொல்லை அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவளுடைய கணவர். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். அங்கே அவர் காதை வைத்துக் கேட்டால் இன்ஜின் தன் நோயைத் தானே சொல்லிவிடும் என்பார்கள். வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் அவருக்கு ஒரு குழாயை மூடத் தெரியாது, ஒரு துண்டைக் காயப்போடத் தெரியாது. டிப்போவில் ஒரு மனிதன், வீட்டில் வேறொரு மனிதன். அவரும் எதிர்த்துப் பேசியதில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்டது எல்லாம் எங்கேயோ போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

வீட்டுக்குப் பின்னால் இருந்த தோட்டம் முழுக்க அவளுடையது. குளிர் நீளமாகவும் வெயில் காலம் குறைவாகவும் இருக்கிற ஊர் அது. கீழே பிசுபிசுவென்று ஒட்டும் களிமண். அதில் தக்காளி, மிளகாய், கத்தரி, முலாம்பழம் என்று சூடு கேட்கிற செடிகளை வளர்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அவள் வளர்த்தாள். களிமண்ணோடு மணலும் மக்கிய இலையும் கலந்து, தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குப் பாத்தி கட்டினாள். குளிர் விலகுகிற சமயத்தில் பாத்தியின் மேல் கறுப்பு பாலித்தீன் ஷீட்டை இழுத்துப் போர்த்தி, ஓரங்களை மண்ணுக்குள் புதைத்துவிடுவாள். வெயில் அந்தக் கறுப்பில் இறங்கி அடி மண்ணைச் சூடாக்கும். அதன் பிறகுதான் ஷீட்டில் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி நாற்றை உள்ளே இறக்குவாள். வெயில் முற்றிய பிறகு வைக்கோல் மூடாக்கு போடுவாள். மற்ற வீடுகளில் தக்காளி பூத்துக்கொண்டிருக்கும்போது அவள் வீட்டில் பழுத்திருக்கும்.

மணல் மூட்டைகளைத் தூக்கி வந்து போடுவது மட்டும் அவர் வேலை. மூட்டையை இறக்கிய இடம் தப்பாக இருக்கும். இன்னொரு முறை தூக்குவார்.

ஒரே ஒரு தடவை அவருக்கும் ஆசை வந்தது. மகளைக் கட்டிக்கொள்ளப் போகிற பையனின் அம்மாவும் அப்பாவும் முதன்முறையாக வீட்டுக்கு வருவதாக இருந்தது. தோட்டத்தில் தன் கையாலும் ஏதாவது இருக்கட்டும் என்று அவளுக்குத் தெரியாமல் ஒரு வரிசை மிளகாய் நாற்று நட்டுவைத்தார். வந்தவர்களைத் தோட்டத்துக்கு அழைத்துப்போன அவள் அதைப் பார்த்துவிட்டாள். குனிந்து ஒன்றைப் பிடுங்கினாள். மண்ணை உதறிவிட்டு, வேரை சம்பந்தி அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"பாருங்க, இது வேரா? மூச்சு முட்டிச் செத்துக் கெடக்கு. மண்ணு இன்னும் ஐஸ் மாதிரி இருக்கு, அதுக்குள்ள நட்டு வச்சிருக்காரு." பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, இத்தனை வருஷமா கண்ணைத் தொறந்து வச்சுக்கிட்டுத்தானே இருக்கீங்க?"

வரிசை முழுவதையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி முடிக்கிற வரையில் பேச்சை நிறுத்தவில்லை. சம்பந்தி மரியாதைக்குச் சிரித்து வைத்தார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதற்கப்புறம் அவர் மூட்டை தூக்குவதற்குத் தவிர தோட்டத்தில் கால் வைக்கவில்லை.

பல வருஷங்கள் கழித்து, ஒரு குளிர்காலத்தின் கடைசியில், அவள் தோட்டத்துக் கொட்டகையில் மக்கு உரத்தைச் சலித்துக்கொண்டிருந்தபோது கீழே விழுந்தாள். ஆஸ்பத்திரியில் பக்கவாதம் என்றார்கள். வலது கையும் காலும் போய்விட்டன. உயிர் தப்பியது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"அவங்களுக்கு எல்லாம் புரியும். நீங்க பேசறது அத்தனையும் புரியும். ஆனா வாயில ஒரே ஒரு வார்த்தைதான் மிஞ்சியிருக்கு. தண்ணி வேணும்னாலும் அதான் வரும், சந்தோஷமா இருந்தாலும் அதான் வரும். அதுக்கு அர்த்தம் பாக்காதீங்க. பயிற்சி குடுத்தா மெல்ல மெல்ல வேற வார்த்தையும் வரலாம்."

"என்ன வார்த்தை டாக்டர்?" என்று கேட்டார். கேட்கும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது.

மகள் வெளியூரிலிருந்து வந்து சில நாட்கள் தங்கினாள். பின்பக்க அறையில், ஜன்னலை ஒட்டி அம்மாவுக்குக் கட்டில் போட்டாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் தோட்டம் முழுக்கத் தெரியும். அவள் கட்டிய பெரிய மேட்டுப்பாத்தி நேர் எதிரே. "தோட்டத்தைப் பாத்துக்கிட்டே இருந்தா தேறிடுவாங்கப்பா," என்று சொல்லி, அவர் தோளில் சாய்ந்து அழுதுவிட்டு ஊருக்குப் போனாள். காலையில் குளிப்பாட்டி உடை மாற்றிவிட ஒரு நர்ஸம்மா வந்து போனாள். மீதிப் பொழுதெல்லாம் அவர்கள் இருவர் மட்டும்தான்.

ஆரம்பத்தில் அவர் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். டீ போட்டுக் கொண்டுவந்து ஊதி ஊதிக் கொடுத்தார். "தப்பு," என்றாள். சர்க்கரை போதவில்லையோ என்று போட்டு வந்தார். "தப்பு." தலையணையை உயர்த்தினார். "தப்பு." தாழ்த்தினார். "தப்பு." அர்த்தம் பார்க்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னதைத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஆனால் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருக்க முடியும் என்று அவருடைய காது நம்ப மறுத்தது. காலம் முழுக்க அவள் பேசிய மற்ற பேச்செல்லாம் உதிர்ந்துபோய், கடைசியில் உண்மையாக அவளுக்குள் இருந்தது மட்டும் எஞ்சி நிற்பதாகவே பட்டது.

ஒரு நாள் காலையில் அவள் சட்டையில் சிந்திய டீயைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அவள் அதைச் சொன்னாள். அவர் துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். மார்க்கெட்டில் ஒரு கடைக்காரர், கண்ணாடிக் கூண்டுக்குள் வளர்த்த தக்காளி நாற்றுகளை சீசனுக்கு முன்னாலேயே விற்றுக்கொண்டிருந்தார். இவர் ஒரு தட்டு நாற்று வாங்கினார். நேராகத் தோட்டத்தின் பள்ளமான மூலைக்குப் போனார். அங்கே மணலும் கிடையாது, மக்கும் கிடையாது. தண்ணீர் தேங்கிக் கிடக்கிற வெறும் களிமண். கையை வைத்தால் எலும்பு வரை குளிர்ந்தது. அந்தச் சேற்றில் நாற்றுகளை ஒவ்வொன்றாகக் குத்தி நட்டார்.

ஜன்னலில் தட்டுகிற சத்தம் கேட்டது. அவள் இடது கையால் கண்ணாடியை அடித்துக்கொண்டிருந்தாள். மூடிய கண்ணாடி வழியாகக்கூட அந்தச் சொல் தெளிவாகக் கேட்டது.

அவர் நிமிர்ந்து, சேற்றுக் கையைக் காதில் வைத்துக்கொண்டார். "என்னது? கேக்கல, டீச்சர்."

"தப்பு! தப்பு!"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு அவருக்கு நன்றாகப் பசித்தது, நன்றாகத் தூக்கமும் வந்தது.

அடுத்த நாளும் போனார். அதற்கடுத்த நாளும். தப்பாகச் செய்வதில் தனக்கு இவ்வளவு கெட்டிக்காரத்தனம் இருக்கும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. அவள் எதையெல்லாம் செய்யக்கூடாது என்று சொல்லியிருந்தாளோ அதெல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது. மண் குளிர்ந்திருக்கும்போது வைக்கோல் போடக்கூடாது, போட்டால் குளிரை உள்ளேயே பூட்டிவைத்த மாதிரி ஆகிவிடும் என்பாள். கட்டுக் கட்டாக வைக்கோலைக் கொண்டுவந்து பரப்பினார். தண்டை ஒட்டி மூடாக்கு வைத்தால் அழுகும் என்பாள். ஒவ்வொரு நாற்றின் கழுத்து வரைக்கும் ஈர வைக்கோலைத் திணித்தார். பச்சைச் சாணம் வேரைப் பொசுக்கும் என்பாள். ஒரு கூடை வாங்கிவந்து கொட்டினார். ஈர மண்ணில் கால் வைத்தால் மண் மூச்சு விடாது என்பாள். டிப்போ பூட்ஸை எடுத்து மாட்டிக்கொண்டு, ஜன்னலுக்கு நேரே இருந்த அவளுடைய மேட்டுப்பாத்தியின் மேல் ஏறி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தார். அவள் வருஷக்கணக்காகப் பொலபொலவென்று ஆக்கி வைத்திருந்த மண் பூட்ஸுக்குக் கீழே களக் களக்கென்று அமுங்கியது. கொட்டகையில் அழகாக மடித்து வைத்திருந்த கறுப்பு ஷீட்டை எடுத்துவந்து, அவள் பார்க்கும்படி பழைய ஸ்கூட்டருக்குப் போர்த்தினார்.

நாற்றுகளின் இலைகள் ஊதா நிறமாகிச் சுருண்டன. செத்தவற்றைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக வாங்கி நட்டார். அவள் அழுதாள். அவளால் முகத்தைத் துடைத்துக்கொள்ள முடியும், ஆனால் கண்ணாடியை அடிக்கிற கையைத் துடைக்கப் பயன்படுத்த அவளுக்கு மனசு வரவில்லை.

இதில் அவருக்குக் கிடைத்த பெயர்தான் வேடிக்கை. நர்ஸம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். "அந்த சார் மாதிரி ஒரு மனுஷனைப் பாக்க முடியாது. டீச்சரம்மா பாக்கணும்னே சேத்துல நின்னு செடி நடுறாரு. பாவம், அவருக்குத் தெரியல, ஒண்ணும் பிடிக்க மாட்டேங்குது. இருந்தும் விடாம நடுறாரு." தையல்காரர் மதில் மேல் எட்டிப் பார்த்து, "பொண்டாட்டின்னா இப்படித்தான்யா வச்சுக்கணும்," என்றார். மகள் போனில் தேம்பினாள். "அம்மா உங்களை அவ்வளவு படுத்தியும் நீங்க இப்படி இருக்கீங்களேப்பா."

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா," என்றார் அவர். சொல்லும்போது ஜன்னல் பக்கம் பார்த்துச் சிரித்தார்.

பிறகு ஒரு நாள் தட்டல் நின்றுவிட்டது.

அவர் மேட்டுப்பாத்தியின் மேல் நின்று திரும்பிப் பார்த்தார். அவள் கண்ணை மூடியிருந்தாள். தூங்கவில்லை, இமைகள் இறுகியிருந்தன. அடுத்த நாளும் அப்படியே. அவர் உள்ளே போய்க் கட்டிலைத் திருப்பி, அவள் முகம் நேராகத் தோட்டத்தைப் பார்க்கும்படி வைத்தார். அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"கண்ணைத் தொற," என்றார்.

அவள் அசையவில்லை.

டீயைக் கொண்டுவந்து அவள் மூக்குக்குக் கீழே பிடித்தார். "கண்ணைத் தொறந்தாத்தான் டீ. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

டீ ஆறியது. அதை ஜன்னலுக்கு வெளியே ஊற்றிவிட்டுப் போனார். மறுநாள் காலை நர்ஸம்மா வந்தபோது கட்டிலில் கிடந்தவளின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. "டீச்சரம்மா நேத்துலேருந்து ஒண்ணும் சாப்பிடலையா சார்?"

"சாப்பிட மாட்டேங்குறா. நான் என்ன பண்ண?"

அவள் பார்க்காதபோது சேற்றில் நிற்பது வெறும் சேற்றில் நிற்பதாகிவிட்டது. முதுகு வலித்தது. பூட்ஸுக்குள் கால் விறைத்தது. இரண்டு மூன்று நாள் வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தார். அவளைப் பார்க்க வைக்க வேறு வழி ஒன்றுதான் இருந்தது. அது அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. இருந்தும் செய்தார்.

முதலில் வைக்கோலையெல்லாம் வாரி ஓரமாகப் போட்டார். பள்ளத்து மூலையை விட்டுவிட்டார். தான் மிதித்த மேட்டுப்பாத்தியைக் கடப்பாறையாலும் கையாலும் உடைத்தார். கட்டி கட்டியாக இருந்தது. மணலைக் கொண்டுவந்து கொட்டினார். கொட்டகையில் அவள் விழுந்த இடத்தில் பாதி சலித்தபடி கிடந்த மக்கைச் சலித்து முடித்து மண்ணோடு கலந்தார். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பார்த்தார். விரலால் தொட்டதும் உதிர வேண்டும் என்பாள். உதிர்கிற வரைக்கும் கலந்தார். பிறகு ஸ்கூட்டர் மேலிருந்த கறுப்பு ஷீட்டை எடுத்து வந்து, சுருக்கம் விழாமல், மண்ணோடு ஒட்டிக்கொள்ளும்படி இழுத்துப் போர்த்தி, ஓரங்களைப் புதைத்தார்.

நிமிர்ந்தபோது அவள் கண்ணைத் திறந்திருந்தாள்.

அவர் பார்க்காததுபோல இருந்துவிட்டார். மண் சூடேறுகிற வரைக்கும் காத்திருந்தார். தினமும் காலையில் ஷீட்டின் ஒரு ஓரத்தைத் தூக்கி, புறங்கையை மண்ணில் வைத்துப் பார்ப்பார். ஜன்னலுக்குள்ளிருந்து அவளும் பார்ப்பாள். ஒரு நாள் அந்த மண், வெயிலில் நிறுத்திய பஸ்ஸின் பானட்டைப்போலக் கதகதவென்று இருந்தது. அன்றைக்குக் கத்தியை எடுத்து ஷீட்டைக் கீறினார். தக்காளி, மிளகாய், கத்தரி. தக்காளியின் தண்டைப் பாதிவரை மண்ணுக்குள் இறக்கினார். அவள் இடது கை விரலைக் கண்ணாடியில் வைத்துச் சற்றே நகர்த்தினாள். தள்ளி நடு என்று அர்த்தம். தள்ளி நட்டார்.

இப்படித்தான் அந்த வெயில் காலம் போயிற்று. விரல் மேலே போனால் கொம்பு ஊன்ற வேண்டும். வட்டம் போட்டால் தண்ணீர். விரலை மடக்கினால் பக்கக் கிளையைக் கிள்ள வேண்டும். வெயில் ஏறியதும் வைக்கோலை எடுத்துக் காட்டினார். சரி என்பதுபோல அவள் கண்ணை மூடித் திறந்தாள். ஷீட்டின் மேலும் நடைபாதையிலும், தண்டைத் தொடாமல் பரப்பினார். அவள் நன்றாகச் சாப்பிட ஆரம்பித்தாள். முகத்தில் சதை பிடித்தது. அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை. செடி அவர் இடுப்பைத் தாண்டி வளர்ந்தது. மாலை நேரங்களில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். இருவரும் பேசாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தான் எதற்காக இதைத் தொடங்கினோம் என்பதே அவருக்குச் சில சமயம் மறந்துபோனது.

முதல் தக்காளி பழுத்தது. அவர் அதைத் தண்ணீரில் கழுவி, சட்டையில் துடைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உள்ளே போனார். அவள் இடது உள்ளங்கையில் வைத்தார். மார்பு படபடவென்று அடித்துக்கொண்டது. அதற்கு அவருக்கே வெட்கமாக இருந்தது.

அவள் பழத்தைப் பார்த்தாள். மூக்குக்கு அருகே கொண்டுபோய் முகர்ந்தாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"தப்பு," என்றாள்.

சந்தோஷமாக இருந்தாலும் அதான் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவருக்கு அது ஞாபகத்துக்கு வராமல் இல்லை. ஆனாலும் அந்தச் சொல் எங்கே போய்க் குத்த வேண்டுமோ அங்கே போய்க் குத்திவிட்டது. பழத்தை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். விரல்கள் விடவில்லை, ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்.

அன்றைக்கே கட்டிலை முன்னறைக்கு மாற்றினார். அங்கே ஒரே ஒரு ஜன்னல், அதுவும் தெருவைப் பார்த்து உயரத்தில் இருந்தது. படுத்துக் கிடந்தால் மின்விசிறியும் சுவரும்தான் தெரியும். நர்ஸம்மாவிடம், "தோட்டத்தைப் பாத்தா அவளுக்குப் படபடப்பு வருது. அவகிட்ட அந்தப் பேச்சே எடுக்க வேண்டியதில்ல," என்று சொல்லிவைத்தார்.

அடுத்த வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் மழை பெய்தது. சாதாரண மழைதான். அது ஓய்ந்ததும் அவர் நனைந்த தலையோடு அவள் முன்னால் வந்து நின்றார்.

"எல்லாம் போச்சு டீச்சர். ஆலங்கட்டி மழை. ஒரு செடி மிஞ்சல. ஷீட்டெல்லாம் கிழிஞ்சு கெடக்கு."

அவள் வாயைத் திறந்தாள். ஒரு சத்தமும் வரவில்லை. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் அழுது முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னால் செடிகள் கொத்துக் கொத்தாகக் காய்த்தன. அவர் கூடையில் பறித்து, பின்வாசல் வழியாகவே தெருவுக்குக் கொடுத்தனுப்பினார். தையல்காரர் வீட்டில் தினமும் தக்காளிதான். "டீச்சருக்கு ஏத்த வீட்டுக்காரர்," என்று சொன்னார்கள். தினமும் அவள் சாப்பாட்டு நேரத்தில் அவர் தட்டோடு வந்து உட்கார்ந்து, பாத்தி எப்படிக் காலியாகக் கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டே ஊட்டினார்.

தக்காளி இலையைக் கையாளுகிறவர்களின் விரலில் ஒரு பச்சைக் கறை ஏறும். சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. அதற்கு ஒரு காரமான வாசனையும் உண்டு. ஒரு நாள் கரண்டியை வாய்க்கருகே கொண்டுபோனபோது அவள் அவருடைய மணிக்கட்டை இடது கையால் பிடித்தாள். முதலில் விரலைப் பார்த்தாள். பிறகு அதை மூக்கோடு சேர்த்து வைத்து முகர்ந்தாள். நெடுநேரம் முகர்ந்தாள். அவர் கையை உதறி எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் ஊட்டினால் அவள் வாயைத் திறக்கவில்லை. நர்ஸம்மா ஊட்டினால் சாப்பிட்டாள். நர்ஸம்மா வருவதோ ஒரு வேளைதான். கன்னம் ஒட்டிப்போயிற்று. நர்ஸம்மாவுக்கு ஏதோ சரியாகப் படவில்லை. அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை, மகளுக்குப் போன் பண்ணினாள்.

மகள் சொல்லாமல் வந்து நின்றாள். அம்மாவைப் பார்த்ததும் முகம் மாறிற்று. "கட்டிலை எதுக்குப்பா இங்க போட்டீங்க?" என்று கேட்டுக்கொண்டே பின்பக்கம் போனவள் அங்கிருந்தே கத்தினாள். "ஐயோ, எவ்வளவு காய்! அம்மா, உன் தோட்டத்தைப் பாத்தியா? வா, நான் கூட்டிட்டுப் போறேன்."

மூலையில் மடித்து வைத்திருந்த சக்கர நாற்காலியில் உட்கார வைத்துப் பின்வாசலுக்குக் கொண்டுவந்தாள். அவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அவள் ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தாள். குனிந்து, இடது கையால் வைக்கோலை விலக்கி, கீறலுக்குள் விரலை விட்டு மண்ணைத் தொட்டாள். மண் ஈரமாகவும் கதகதப்பாகவும் இருந்தது. ஒரு குறையும் இல்லை. பிறகு மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குள் திருப்பிக் கொண்டுபோகப் பார்த்தபோது நாற்காலியின் சக்கரத்தை அந்தக் கையாலேயே பிடித்து நிறுத்தினாள்.

"அம்மாவுக்கு என்ன ஆச்சு?" என்றாள் மகள்.

காலை வேலை முடிந்தும் கிளம்பாமல் நின்றிருந்த நர்ஸம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அன்னிக்கு என் பையை மறந்துட்டுப் போயி, எடுக்க வந்தப்ப காதுல விழுந்துச்சும்மா. ஆலங்கட்டி மழையில தோட்டமெல்லாம் போச்சுன்னு சார் அம்மாகிட்ட சொல்லிட்டிருந்தாரு. நான்தான் தப்பா கேட்டுட்டேனோன்னு நெனச்சேன்."

"ஆலங்கட்டியா? எப்ப பேஞ்சுது?"

அவர் சுவரைப் பார்த்தார். "சும்மா சொன்னேன்."

"எதுக்குப்பா?"

"அவ என்னை எத்தனை வருஷம்..." என்று ஆரம்பித்தவர் மேலே போகவில்லை.

"தெரியும்ப்பா. நானும்தான் பட்டேன். கல்யாணம் ஆகுறவரைக்கும் தலை வாரிக்கிறதுக்குக்கூட பயம் எனக்கு." மகள் அம்மாவின் தோளில் கை வைத்தாள். "ஆனா அம்மாவுக்குப் பேச்சு இருந்தப்பல்ல நீங்க பேசியிருக்கணும்? இப்ப வாய் போனதுக்கப்புறம் வந்து நிக்கிறீங்க."

அன்று மத்தியானமே கார் வந்தது. மகள் துணிமணிகளை எடுத்து வைத்தாள். அம்மாவைப் பின்சீட்டில் ஏற்றியபோது அவர் கூடை நிறையத் தக்காளி பறித்துக்கொண்டு வந்தார். மகள் அதை வாங்கவில்லை. கார் கிளம்பியது. கூடையைத் தையல்காரர் வீட்டில் கொடுத்தார்.

அதற்குப் பிறகும் தோட்டத்தை அவர் விடவில்லை. ஜன்னலுக்குள் யாரும் இல்லை என்றாலும் பக்கக் கிளையைக் கிள்ளினார், தண்ணீர் ஊற்றினார். முலாம்பழம்கூட இரண்டு விளைந்தது. ஒன்றைத் தானே அறுத்துத் தின்றார். இனிப்பாக இருந்தது. சாப்பிடும்போது காலியான கட்டிலைப் பார்த்தபடி ஏதோ சொல்லப் போனார். என்ன சொல்ல வந்தோம் என்று தெரியவில்லை. வாரம் ஒரு முறை மகளுக்குப் போன் பண்ணினார். மகள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

பனி இறங்கிச் செடிகள் கருகி, அவர் பாத்தியிலிருந்து ஷீட்டை உரித்துக்கொண்டிருந்தபோது மகளே கூப்பிட்டாள். குரலில் அப்படி ஒரு துள்ளல்.

"அப்பா! அம்மா பேசுறாங்கப்பா. பேச்சுப் பயிற்சி குடுக்க ஒருத்தங்க தினமும் வந்தாங்களா, தண்ணி, வலி, பாப்பான்னு ஒண்ணொண்ணா வருது. இன்னிக்கு வந்துச்சே ஒரு வார்த்தை, எவ்வளவு தெளிவா தெரியுமா! கொஞ்சம்கூட குழறல. நான் அப்படியே அழுதுட்டேன்."

அவர் ஷீட்டைக் கீழே போட்டார். "என்ன சொன்னா?"

"நான்தான் கேட்டேன், அம்மா, அப்பாவை வரச் சொல்லட்டுமா, பாக்கணுமான்னு. என்னை நேராப் பாத்து 'வேண்டாம்'னு..."

மகள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"அப்பா... நான் வந்து..."

"தெளிவா சொன்னாளா?" என்று கேட்டார்.

"ம்."

"சரிம்மா. நல்லது. பயிற்சியை விட்டுடாதீங்க."

போனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மதிலுக்கு அந்தப்பக்கம் தையல்காரர் இருமிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "யாரு, பொண்ணா? டீச்சர் எப்படி இருக்காங்களாம்?"

"பேச ஆரம்பிச்சுட்டாளாம்," என்றார் அவர்.

"அடேயப்பா! நீங்க பட்ட பாட்டுக்கெல்லாம் பலன் கெடச்சுருச்சு பாருங்க."

அவர் தலையை ஆட்டினார். பிறகு குனிந்து, கிழிந்த ஷீட்டின் மறுமுனையை மண்ணுக்குள்ளிருந்து இழுத்தார். அது பனியில் இறுகிப் போயிருந்தது, சீக்கிரம் வரவில்லை.